உலக எண்ணெய்ச் சந்தையும் எங்கள் பெற்றோல் செட் விலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதக் கடைசி இரவு எரிபொருள் விலை அறிவிப்பு வருகிறது. மறுநாள் காலை பெற்றோல் செட்டிலும் சந்தையிலும் இறங்குதுறையிலும் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் சொல்லிலேயே எடுத்துப் பதில் எழுதியிருக்கிறோம். கணக்குகளில் ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்திருக்கிறோம். அன்றன்றைய மாற்று விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

லண்டனிலயும் சிங்கப்பூரிலயும் ஆரோ வாங்கி விக்கிறதுக்கும் யாழ்ப்பாணத்துப் பெற்றோலுக்கும் என்ன சம்பந்தம்?

இலங்கையில் ஒரு சொட்டு மசகு எண்ணெயும், அதாவது சுத்திகரிக்காத எண்ணெயும், எடுக்கப்படுவதில்லை. சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் 1969இலிருந்து இயங்குகிறது. நாளுக்கு 50,000 பீப்பாய் வரை சுத்திகரிக்கும். அதற்குரிய மசகு எண்ணெயும் கப்பலில்தான் வருகிறது. அது போதாததால் மீதிப் பெற்றோலும் டீசலும் சுத்திகரித்த நிலையிலேயே இறக்குமதியாகின்றன.

அப்படி வாங்கும்போது, "இந்தக் கப்பல் எண்ணெய்க்கு இத்தனை டொலர்" என்று நிலையான விலை பேசுவதில்லை. "ஏற்றும் நாளை ஒட்டிய சிங்கப்பூர்ச் சந்தைச் சராசரி விலை, அதற்கு மேல் பீப்பாய்க்கு இவ்வளவு" என்றுதான் ஒப்பந்தம் எழுதப்படுகிறது. ஆகவே அந்தச் சந்தை விலை நேரடியாக எங்கள் ரசீதுக்குள் வந்துவிடுகிறது.

'ஃபியூச்சர்ஸ்' எண்டால் என்ன? கையில எண்ணெய் இல்லாமலே எண்ணெய் விக்கிறாங்களோ?

ஆம், பெரும்பாலும் அப்படித்தான். வெங்காயம் இன்னும் தோட்டத்தில் நிற்கும்போதே வியாபாரி வந்து, "கிண்டி எடுக்கிற நேரம் கிலோ இந்த விலைக்கு நான் எடுக்கிறன்" என்று பேசி முற்பணம் கொடுப்பதுண்டு. விலை விழுந்தால் தோட்டக்காரர் தப்பினார். ஏறினால் வியாபாரிக்கு இலாபம். எதிர்கால ஒப்பந்தத்தின் அடிப்படையும் இதுவே. வேறுபாடு என்னவென்றால், எண்ணெயில் அந்த ஒப்பந்தமே அறுவடைக்கு முன் ஆயிரம் கை மாறும்.

லண்டன் ஐசிஇ சந்தையில் 'பிரெண்ட்' எனப்படும் வடகடல் மசகு எண்ணெய்க்கான ஓர் ஒப்பந்தம் 1,000 பீப்பாய். பீப்பாய் 80 டொலர் என்றால் ஒப்பந்தத்தின் பெறுமதி 80,000 டொலர். ஆனால் வாங்குபவர் அதில் ஒரு சிறு பகுதியை மட்டுமே வைப்புப் பணமாகக் கட்டுகிறார். முதிர்வு நாளுக்கு முன் ஒப்பந்தத்தை விற்றுவிட்டு, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டோ கொடுத்துவிட்டோ போய்விடுகிறார். எண்ணெயைக் கண்ணால் காண்பவர்கள் மிகச் சிலர்.

செய்தியில 'பிரெண்ட்' எண்டு சொல்லுற விலைதான் எங்களுக்குரிய விலையோ?

இல்லை. குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. பிரெண்ட் என்பது வடகடல் மசகு எண்ணெயின் விலை. அமெரிக்க டபிள்யூடிஐயின் ஒப்பந்தம் ஒக்லஹோமாவின் குஷிங் என்ற இடத்தில் கையளிக்கும் மசகு எண்ணெய்க்கானது. நாங்கள் வண்டிக்கு அடிப்பது மசகு எண்ணெய் அல்லவே.

எங்களுக்குரியது, 'பிளாட்ஸ்' என்ற விலை மதிப்பிடும் நிறுவனம் சிங்கப்பூர்ச் சந்தைக்குக் குறிக்கும் மதிப்பீடு. அங்கே 92 ஒக்டேன் பெற்றோல், 95 ஒக்டேன் பெற்றோல், டீசல், விமான எரிபொருளும் மண்ணெண்ணெயும் ஆகியவற்றுக்குத் தனித்தனி விலை உண்டு. சிங்கப்பூர் நேரம் மாலை 4.30இற்கு, அதாவது எங்கள் நேரம் பிற்பகல் 2 மணிக்கு, அந்நாளில் வாங்குவோர் கேட்ட விலைகளையும் விற்போர் சொன்ன விலைகளையும் பார்த்து விலை குறிக்கப்படுகிறது. பிரெண்ட் ஏறினால் இவையும் பொதுவாக ஏறும். ஆனால் அதே அளவில் ஏற வேண்டும் என்றில்லை.

மாதக் கடைசி ராத்திரி விலை போடுறது என்ன கணக்கில?

2018 மே மாதம் அறிமுகமான விலைச் சூத்திரத்தில் நான்கு பகுதிகள் இருந்தன: தரையிறங்கும் செலவு, கையாளும் செலவு, நிர்வாகச் செலவு, வரி. இடையில் கைவிடப்பட்ட சூத்திர முறை 2022 நெருக்கடியோடு திரும்பி வந்தது.

தரையிறங்கும் செலவு என்பது சிங்கப்பூர்ச் சராசரி விலை, விற்பவரின் மேலதிகத் தொகை, கப்பல் கூலி, காப்புறுதி, ஆவியாகும் இழப்பு எல்லாம் சேர்ந்தது. கையாளும் செலவில் இறங்குதுறைக் கட்டணம், தாங்கி, பவுசர்ப் போக்குவரத்து, நிலையக்காரரின் தரகு ஆகியவை வரும். உலகச் சந்தையோடு ஏறி இறங்குவது பெரும்பாலும் முதல் பகுதிதான். கீழே வரும் பல பதில்களுக்கு இதுவே அடிப்படை.

ஒரு பீப்பாய்க்கு ஒரு டொலர் கூடினால் லீற்றருக்கு எவ்வளவு கூடும்?

ஒரு பீப்பாய் ஏறத்தாழ 159 லீற்றர். 300 ரூபாவை 159ஆல் பிரித்தால் 1 ரூபா 89 சதம். 2024 ஜனவரியிலிருந்து பெற்றோலுக்கும் டீசலுக்கும் 18 வீதப் பெறுமதிசேர் வரி உண்டு. அதையும் சேர்த்தால் சுமார் 2 ரூபா 23 சதம்.

இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் டீசல் சராசரி ஒரு மாதத்தில் 5 டொலர் குறைந்து, டொலரின் மாற்று விலையும் வரியும் அசையாமல் இருந்தால், லீற்றருக்கு ஏறத்தாழ 11 ரூபா குறைய இடமுண்டு. அறிவிப்பில் 2 ரூபா மட்டும் குறைந்திருந்தால், மீதி 9 ரூபா எங்கே போனது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கணக்குத் தெரியாமல் கேட்டால் "உலகச் சந்தை" என்ற ஒரே சொல்லோடு பதில் முடிந்துவிடும்.

உலகத்தில பத்து வீதம் குறைஞ்சிட்டுது. எங்களுக்கு ஏன் பத்து வீதம் குறையேல்லை?

சூத்திரத்தில் முதல் பகுதி மட்டுமே குறைகிறது. உதாரணமாகப் பெற்றோல் லீற்றர் 300 ரூபா, அதில் எண்ணெயின் பங்கு 160 ரூபா என்று வைப்போம். எண்ணெய் 10 வீதம் குறைந்தால் 16 ரூபா. அதன் மேலான பெறுமதிசேர் வரியும் குறைய, மொத்தம் சுமார் 19 ரூபா. 300 ரூபாவில் அது 6 வீதத்துக்குச் சற்று மேல்தான்.

லீற்றருக்கு இத்தனை ரூபா என்று நிலையாக விதிக்கப்படும் தீர்வைகளும் தாங்கிக் கட்டணமும் பவுசர்க் கூலியும் உலகச் சந்தையைப் பார்த்து இறங்குவதில்லை. இதே காரணத்தால் எண்ணெய் 10 வீதம் ஏறும்போதும் விலை முழு 10 வீதம் ஏறக்கூடாது. அதையும் கவனியுங்கள்.

2022இல 177 ரூபாப் பெற்றோல் 470 ஆனது முழுக்க உக்ரைன் சண்டையாலயோ?

இல்லை. 92 ஒக்டேன் பெற்றோல் 2021 டிசம்பரில் 177 ரூபா. 2022 மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே 24இல் 420, ஜூன் 26இல் 470. அந்தக் காலத்தில் பிரெண்ட் 75 டொலரளவிலிருந்து 120 டொலரளவுக்கு ஏறியது. ஒன்றரை மடங்கைச் சற்றுத் தாண்டிய ஏற்றம். ஆனால் 200 ரூபாவில் பிடித்து வைக்கப்பட்டிருந்த டொலர், மார்ச்சில் அவிழ்த்து விடப்பட்டதும் மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டது. இந்த இரண்டு ஏற்றமும் ஒன்றோடொன்று பெருக்கப்படுபவை.

எண்ணெய் விலை அசையாமல் பீப்பாய் 90 டொலரில் நின்றிருந்தாலும் கணக்கு இப்படி வரும்: டொலர் 200 ரூபாவில் லீற்றருக்குரிய எண்ணெய்ச் செலவு 113 ரூபா, 360 ரூபாவில் 204 ரூபா. உலகச் சந்தையில் எவரும் எதுவும் செய்யாமலே 91 ரூபா கூடிவிடுகிறது. ஆகவே விலையேற்றம் வரும்போது எண்ணெயையும் டொலரையும் பிரித்துப் பாருங்கள்.

பெற்றோல் குறையுது, டீசல் ஏறுது. ரெண்டும் ஒரே எண்ணெயில இருந்துதானே வருது?

ஒரே மசகு எண்ணெயிலிருந்து வந்தாலும் இரண்டுக்கும் வாங்குவோர் வேறு. டீசலை லொறி, கப்பல், தொழிற்சாலை, மின்பிறப்பாக்கி எல்லாம் கேட்கின்றன. குளிர்காலத்தில் ஐரோப்பிய வீடுகளைச் சூடாக்கவும் அதே வகை எண்ணெய் வேண்டும். பெற்றோலுக்கான கேள்வி வடபுலத்துக் கோடைப் பயணக் காலத்தில் ஏறும். சுத்திகரிப்பு நிலையம் நினைத்தபடி ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைக்க முடியாது. அந்த விகிதத்தை ஓர் எல்லைக்குள்தான் மாற்றலாம்.

மசகு எண்ணெய்க்கும் சுத்திகரித்த எரிபொருளுக்கும் உள்ள விலை இடைவெளியும் சந்தையில் தனியாகவே பேரம் பேசப்படுகிறது. 2022 ஜூனில் ரஷ்ய டீசல் தடைப்படும் என்ற பயத்தில் அந்த இடைவெளி சிங்கப்பூரில் என்றுமில்லாத உயரத்துக்குப் போனது. பிரெண்ட்டை மட்டும் பார்த்தவர்களுக்கு டீசல் விலை விளங்காமல் போனதற்கு அதுவே காரணம்.

மண்ணெண்ணெய் ஏழைகளின்ர எண்ணெய். அது ஏன் இந்த விலை?

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. கேள்வியின் வலி விளங்குகிறது. ஆனால் உலகச் சந்தையில் மண்ணெண்ணெய்க்குத் தனி வாழ்வு இல்லை. விமான எரிபொருளும் அதுவும் ஏறத்தாழ ஒரே திரவம், விலையும் சேர்ந்தே குறிக்கப்படுகிறது. விமானங்கள் கூடுதலாகப் பறந்தால் வெளியிணைப்பு இயந்திரப் படகுக்காரரின் செலவு ஏறும்.

இங்கே நீண்ட காலம் மானிய விலையே இருந்தது. 2022 ஓகஸ்ட்டில் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. குருநகரிலும் மயிலிட்டியிலும் சிறு படகுக்காரருக்கு அது பேரிடி. மானியத்தை மீனவருக்கும் தோட்டத்தில் நீர் இறைப்பவருக்கும் நேரடியாகக் கொடுத்துவிட்டுப் பிறகு விலையைத் தொட்டிருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதே நேரம், டீசல் 400 ரூபாவைத் தாண்டி நிற்க மண்ணெண்ணெய் 87இல் கிடந்தால் கலப்படம் நடக்கும் என்பதும் உண்மை. மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழுவழுப்பு இல்லை. கலந்து ஓட்டினால் முதலில் தேய்வது எரிபொருள் பம்பும் இன்ஜெக்டரும். திருத்தச் செலவு மிச்சம் பிடித்த காசை விழுங்கிவிடும்.

அப்ப விலையை ஏத்திறது இந்தச் சூதாடிகள்தானே?

எண்ணெய் தேவையில்லாமல் விலை வித்தியாசத்துக்காக மட்டும் ஒப்பந்தங்களை வாங்கி விற்பவர்களை ஊக வணிகர் என்பார்கள். அவர்கள் இல்லாவிட்டால் விலை ஏறாது என்று சொல்ல முடியாது. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் உற்பத்தியைக் குறைத்தாலும், பெரிய நாடொன்று கூடுதலாக வாங்கினாலும் ஏறத்தான் செய்யும். ஊக வணிகர் செய்வது, பல வாரங்களில் வர வேண்டிய ஏற்ற இறக்கத்தைச் சில நாட்களுக்குள் சுருக்குவதும், சில வேளை அளவுக்கு மீறித் தள்ளிவிடுவதும்.

அது எப்படி நடக்கிறது? மேலே சொன்ன சிறு வைப்புப் பணத்தை நினையுங்கள். விலை எதிர்த்திசையில் போனால் அன்றே மேலதிகப் பணம் கட்ட வேண்டும். கட்ட முடியாதவர் விற்கிறார். அந்த விற்பனையால் விலை இன்னும் விழ, அடுத்தவரும் விற்கிறார். ஏறும்போதும் இதே சங்கிலிதான். ஆனால் ஒப்பந்தத்தை வைத்திருப்பவர் என்றோ ஒருநாள் அதை விற்றே ஆக வேண்டும். எண்ணெய் உண்மையில் தட்டுப்படாவிட்டால் அந்த ஏற்றம் ஆண்டுக்கணக்கில் நிற்காது.

2020இல எண்ணெய் சும்மா குடுத்தாங்கள் எண்டாங்கள். எங்களுக்கு ஏன் ஒரு சதமும் குறையேல்லை?

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க டபிள்யூடிஐ மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டொலரில் முடிந்தது. ஊரடங்கால் உலகமே நின்றிருந்தது. குஷிங்கில் தாங்கிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. ஒப்பந்தம் முதிர்வதற்கு முதல் நாள் அது. எண்ணெயைக் கையேற்று வைக்க இடமில்லாதவர்கள், அதை வாங்குபவருக்குப் பணமும் கொடுத்து விலகினார்கள். ஓரிடத்தில், ஓர் ஒப்பந்தத்தில் நடந்தது அது. பிரெண்ட் மைனஸுக்குப் போகவில்லை. சிங்கப்பூர்ப் பெற்றோலும் போகவில்லை.

ஆனாலும் அந்த மாதங்களில் எண்ணெய் மிக மலிவு என்பது மெய். இலங்கையில் 92 பெற்றோல் 137 ரூபாவிலேயே வைக்கப்பட்டது. மிச்சத்தை விலை நிலைப்படுத்தும் நிதியத்தில் சேர்ப்பதாக அரசு அறிவித்தது. 2021 ஜூனில் விலை 157 ஆனபோது அந்த நிதியம் மக்களைக் காப்பாற்றவில்லை. இதற்குச் சந்தையைக் குறை சொல்ல முடியாது, கொள்கைதான் காரணம்.

மலிவா இருந்த நேரம் வாங்கி வச்சிருக்கலாம்தானே? திருகோணமலையில தாங்கியள் கிடக்குதே.

சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்துத் தாங்கிகள் 99 உண்டு. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 24 தாங்கிகள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐஓசிக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும். பல பத்தாண்டுகள் பாவிக்காத தாங்கியைத் துப்புரவாக்கி, துருப்பிடித்த தகட்டை மாற்றி, குழாய் பூட்டி எடுக்கவே பெரும் பணம் வேண்டும்.

தாங்கி இருந்தாலும் டொலர் வேண்டும். கடன் வாங்கிச் சேமித்தால் வட்டி ஓடும். பெற்றோல் மாதக்கணக்கில் கிடந்தால் அதன் இலேசான பகுதிகள் ஆவியாகித் தரம் இறங்கும். டீசலில் நீர் சேர்ந்தால் நுண்ணுயிர் வளர்ந்து கறுத்த படிவு பிடிக்கும். பின்னைய மாத ஒப்பந்தத்தின் விலை இன்றைய விலையை விட, இந்தச் செலவுகளையும் தாண்டி, உயர்ந்திருக்கும்போதுதான் சேமிப்பது இலாபம். 2020இல் பெரிய வர்த்தக நிறுவனங்கள் கப்பல்களையே தாங்கியாக்கி நடுக்கடலில் நிறுத்தியது அதனால்தான்.

அப்ப முன்கூட்டியே விலையைப் பேசிப் பூட்டி வைக்கலாமே?

2007இல் கூட்டுத்தாபனம் அப்படித்தான் வங்கிகளோடு இடர்காப்பு ஒப்பந்தங்களில் இறங்கியது. விலை ஒரு மட்டத்துக்கு மேல் போனால் வங்கி கொடுக்கும், ஆனால் அதற்கு ஓர் உச்ச எல்லை உண்டு. விலை கீழ் மட்டத்துக்குக் கீழே விழுந்தால் கூட்டுத்தாபனம் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தில்தான் ஆபத்து பெரிதாக இருந்தது. 2008 ஜூலையில் 147 டொலரைத் தொட்ட எண்ணெய் டிசம்பரில் 40 டொலருக்கும் கீழே விழுந்தது. நவம்பரில் உயர்நீதிமன்றம் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியது. வங்கிகள் வெளிநாடுகளில் வழக்காடின. ஸ்டாண்டர்ட் சார்ட்டட் வங்கி 2011இல் லண்டனில் வென்றது. 2012இல் சர்வதேச நடுவர் மன்றம் டொய்ச்சே வங்கிக்கு 60 மில்லியன் டொலர் கொடுக்கத் தீர்த்தது.

இடர்காப்பு கெட்டதல்ல, விமான நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. கட்டணம் கட்டி, ஏற்றத்துக்கு மட்டும் காப்பு எடுத்திருந்தால் நட்டம் அந்தக் கட்டணத்தோடு நின்றிருக்கும். கட்டணமில்லாத ஒப்பந்தத்தைத் தேடியதே வினையானது.

விற்பவருக்குக் குடுக்கிற மேலதிகத் தொகை ஒரு டொலர், ரெண்டு டொலர்தானே? அதுவும் ஒரு பிரச்சினையோ?

ஒரு கப்பலில் 40,000 தொன் டீசல் என்று வைப்போம். ஏறத்தாழ 298,000 பீப்பாய், 47 மில்லியன் லீற்றர். பீப்பாய்க்கு 1 டொலர் கூடினால் அந்த ஒரு கப்பலில் மட்டும் 89 மில்லியன் ரூபா. இலங்கையின் பெயரைக் கேட்டதும் சிங்கப்பூர் வணிகர் எவ்வளவு மேலதிகம் கேட்கிறார் என்பது பணத்துக்குப் பொறுப்பேற்று எங்கள் வங்கிகள் கொடுக்கும் கடன் கடிதத்தை அவர் நம்புகிறாரா என்பதைப் பொறுத்தது. 2022இல் டொலர் இல்லாமல் கப்பல்கள் கொழும்புக்கு வெளியே நாட்கணக்கில் நின்றன. நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் வேறு. போட்டிக் கேள்விமனு ஒழுங்காக நடப்பதும், பணம் நேரத்துக்குப் போவதும் நேரடியாக உங்கள் லீற்றர் விலையைத் தொடுகின்றன.

சண்டை எண்டு செய்தி வந்த உடன விலை ஏறுது. பழைய விலைக்கு வாங்கின எண்ணெய்தானே தாங்கியில கிடக்கு?

சந்தையில் விலை இன்றைய தட்டுப்பாட்டுக்கு மட்டும் அல்ல, அடுத்த மாதம் தட்டுப்படுமா என்ற பயத்துக்கும் சேர்த்துப் போடப்படுகிறது. பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்மூஸ் நீரிணை வழியே சாதாரண காலத்தில் உலகத் தேவையின் ஐந்திலொரு பங்களவு எண்ணெய் போகிறது. அங்கே ஆபத்து என்றதும் கப்பல் காப்புறுதிதான் முதலில் ஏறும். இலங்கையில் மாதாந்தத் திருத்தம் என்பதால் அந்த ஏற்றம் எங்களுக்குத் தாமதித்து வரும், இறக்கமும் அப்படியே. ஏற்றத்தை உடனேயும் இறக்கத்தை ஆறுதலாகவும் கொண்டுவந்தால் அது சந்தையின் வேலை அல்ல. மேலே சொன்ன 2 ரூபா 23 சதக் கணக்கை வைத்துச் சரிபாருங்கள்.

மாதக் கடைசியில சில செட்டுகளில 'பெற்றோல் இல்லை' எண்டு போடுறாங்கள். பதுக்கிறாங்களோ?

விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பு இருந்தால் அந்தச் சந்தேகம் நியாயம். குறையும் என்ற எதிர்பார்ப்பு இருந்தால் காரணம் வேறு. நிலையக்காரர் முன்பணம் கட்டியே எடுக்கிறார். 13,200 லீற்றர் பவுசரை 30ஆம் திகதி இறக்கி, நள்ளிரவில் லீற்றருக்கு 10 ரூபா குறைந்தால் 132,000 ரூபா நட்டம் அவர் தலையில். அதனால் கடைசி இரண்டு மூன்று நாள் ஓடர் போடாமல் இருக்கப் பார்ப்பார். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் எங்களுக்கு, அந்த இடைவெளி நிரம்ப இன்னும் ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கலாம்.

அப்ப அடுத்த மாதம் ஏறுமோ இறங்குமோ எண்டு முன்னமே தெரிஞ்சு டாங் நிரப்பலாமோ?

திசையை ஓரளவு கணிக்கலாம். சிங்கப்பூர் டீசல், பெற்றோல் விலைகளின் இந்த மாதச் சராசரியைச் சென்ற மாதச் சராசரியோடு ஒப்பிடுங்கள். கடைசி நாள் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். சிங்கப்பூர் விலை கிடைக்காவிட்டால் பிரெண்ட் சராசரியை வைத்து மட்டுமட்டாகப் பார்க்கலாம், ஆனால் டீசலில் அந்தக் கணக்குத் தவறலாம். பிறகு மத்திய வங்கி வெளியிடும் டொலர் விற்பனை விலையைப் பாருங்கள்: பீப்பாய் 90 டொலரில் இருக்கும்போது டொலர் 10 ரூபா ஏறினால், வரியோடு லீற்றருக்கு ஏறத்தாழ 6 ரூபா 70 சதம். வரி மாற்றத்தை மட்டும் எந்தச் சந்தையும் முன்கூட்டிச் சொல்லாது.

மோட்டார் சைக்கிளுக்கு 5 லீற்றர், லீற்றருக்கு 10 ரூபா வித்தியாசம் என்றால் மிச்சம் 50 ரூபா. அதற்காக இரவு வரிசையில் நிற்க வேண்டாம். 200 லீற்றர் அடிக்கும் லொறிக்கோ படகுக்கோ 2,000 ரூபா. அது பார்க்க வேண்டிய தொகைதான். ஆனால் பெற்றோலைக் கானில் வாங்கி வீட்டுக்குள், குசினிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதன் ஆவி நிலத்தோடு ஊர்ந்து அடுப்பைத் தேடிப்போகும்.